எண் 171

171-க்குப் பிறந்த தேதியும் ஊரும் உண்டு: 1998 ஜூன் 27, அமெரிக்காவின் பஃபலோ நகரத்து ஹாக்கி அரங்கு. என்எச்எல் எனப்படும் வட அமெரிக்கப் பனி ஹாக்கி லீகின் வருடாந்திர டிராஃப்ட் அன்று அங்கே நடந்தது. ஐபிஎல் ஏலம் மாதிரி இதில் யாரும் விலையை ஏற்றிக் கேட்பதில்லை. அணிகள் வரிசைப்படி ஆளுக்கொரு பெயராகச் சொல்லிக்கொண்டு போகும். முந்தைய பருவத்தில் அதிகம் தோற்றவர்களுக்கு வரிசையில் முன்னிடம். பெயர் சொல்லப்பட்ட பையனோடு அந்த லீகில் வேறெந்த அணியும் ஒப்பந்தம் பேச முடியாது. அந்த உரிமைக்குத்தான் எண். அன்று ஆறாவது சுற்றில், 170 பெயர்கள் போன பிறகு, டெட்ராய்ட் ரெட் விங்ஸ் சொன்ன பெயர் பாவெல் டாட்சியூக்.

யெகாதெரின்பர்க் நகரத்துப் பையன், இருபது வயதை நெருங்கிக்கொண்டிருந்தான். அதற்கு முந்தைய இரண்டு டிராஃப்ட்களிலும் இருநூற்றுக்கு மேற்பட்ட பெயர்கள் வாசிக்கப்பட்டிருந்தன, அவனுடையது இல்லை. சிறிய உடம்பு. அணிகள் பெரிய உடம்புக்காரர்களைத் தேடி அலைந்த காலம் அது.

டெட்ராய்ட் அந்த மாதம்தான் லீகின் ஸ்டான்லி கோப்பையைத் தொடர்ந்து இரண்டாவது தடவையாக வென்றிருந்தது. நன்றாக ஆடும் அணிக்கு டிராஃப்ட் வரிசையில் வால்பக்கம்தான் கிடைக்கும். எல்லோரும் பார்த்துக் குறித்துவைத்த பையன்கள் அதற்குள் போய்விடுவார்கள். ஆகவே யாரும் போகாத ஊர்களில் யாரும் பார்க்காத பையன்களைப் பார்ப்பதே அந்த அணியின் ஸ்கவுட்களுக்கு வேலையாகிவிட்டது. ஐரோப்பாவில் அந்த வேலையைச் செய்தவர் ஹோகன் ஆண்டர்சன். ஸ்வீடன்காரர். ஆறுகளில் தூண்டில் போட வருகிறவர்களுக்கு வழிகாட்டியாக இருந்தவர்.

171-இன் கருவை அவர் கண்டது தற்செயலாக. ரஷ்யாவுக்கு அவர் போனது திமித்ரி கலீனின் என்ற தற்காப்பு ஆட்டக்காரரைப் பார்க்க. கலீனின் பலருடைய பட்டியலிலும் இருந்தவர். அதே டிராஃப்டில் 18-ஆவதாக பஃபலோ அணி எடுத்தது. ஆனால் எதிரணியில் ஒரு பொடியன் பக் எனப்படும் தட்டை விடாமல் வைத்துக்கொண்டிருந்தான். ஆண்டர்சன் குறித்துக்கொண்டார். பிறகு ஒருமுறை அவனைப் பார்க்க யெகாதெரின்பர்குக்குக் கிளம்பியபோது, இன்னொரு அணியின் ஸ்கவுட்டும் அதே விமானத்தில் இருந்தாராம். பனிப்புயல், விமானம் ரத்து. அந்த மற்றவர் டாட்சியூக்கைப் பார்க்காமலே திரும்பினார் என்பது ஆண்டர்சன் பின்னாளில் சொன்ன கதை.

ஸ்கவுட் கண்ணின் மகிமை என்று இதைக் கொண்டாடுவார்கள். எனக்கென்னவோ அந்தப் புயலுக்கும் ஒரு பங்கு கொடுக்கத் தோன்றுகிறது. இவன் இப்பேர்ப்பட்டவன் என்று டெட்ராய்டுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தால் ஆறாவது சுற்றுவரை காத்திருக்குமா? அதற்குமுன் அவர்களே வேறு பலரைக் கூப்பிட்டார்கள். யீரி ஃபிஷரைத் தவிர அவர்களில் யாரும் என்எச்எல்லில் நிலைக்கவில்லை. ஆனால் அதிர்ஷ்டம் என்று முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. அதே ஆண்டர்சன், டெட்ராய்டின் உதவி மேலாளர் ஜிம் நில்லுடன் பின்லாந்தில் ஒரு போட்டிக்குப் போனார், மத்தியாஸ் வைன்ஹாண்டலைப் பார்க்க. கண்ணில் பட்டது ஹென்ரிக் செட்டர்பெர்க். 1999-இல் 210-ஆவது எண். ஒருவனைப் பார்க்கப் போய் பக்கத்திலிருப்பவனையும் பார்க்கிற பழக்கம் அவருக்கு இருந்தது.

டாட்சியூக் 2001-இல் டெட்ராய்டுக்கு வந்தார். முதல் பருவத்திலேயே கோப்பை, 2008-இல் மறுபடியும். 953 ஆட்டங்கள், 918 புள்ளிகள். எதிராளியிடமிருந்து தட்டைத் திருடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று தற்காப்பில் சிறந்த முன்கள ஆட்டக்காரருக்கான செல்கி விருதை மூன்று முறை கொடுத்தார்கள். இதெல்லாம் ஆளின் வரலாறு, எல்லோருக்கும் தெரிந்தது.

எண்ணின் வரலாறு விசித்திரமாவது 2016-இல். ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருடம் இருக்கையில் டாட்சியூக் ரஷ்யாவுக்குத் திரும்ப முடிவு செய்தார். அப்போதைய விதிப்படி, 35 வயதுக்கு மேல் தொடங்கிய ஒப்பந்தம் என்றால், ஆள் போனாலும் அதன் தொகை அணியின் சம்பள உச்சவரம்புக் கணக்கில் நிற்கும். 75 லட்சம் டாலர். இது டெட்ராய்டுக்குச் சுமை. அரிசோனா கயோட்டிஸுக்கோ அதே சுமை வேண்டியிருந்தது, ஏனென்றால் லீகில் சம்பளத்துக்குக் குறைந்தபட்ச வரம்பும் உண்டு. ஆடவே வராத ஒருவரின் பெயர் அதை மலிவாக நிரப்பிக்கொடுக்கும். அந்த வருட டிராஃப்ட் அன்று பேரம் முடிந்தது. இடம், அதே பஃபலோ அரங்கு. பெயர்ப்பலகை மட்டும் மாறியிருந்தது. டெட்ராய்ட் டாட்சியூக்கின் ஒப்பந்தத்தையும் அன்றைய டிராஃப்டில் தன் 16-ஆவது தேர்வு உரிமையையும் கொடுத்து 20, 53 என்ற இரண்டு தேர்வுகளையும், காயத்தால் ஆடமுடியாமலிருந்த ஜோ விட்டாலேயின் ஒப்பந்தத்தையும் வாங்கிக்கொண்டது. ஆடாத இருவரின் காகிதங்கள் கைமாறின. கணக்குப்பிள்ளைகள் ஆடும் ஹாக்கி இது. சிரிப்பாக இருந்தாலும் சட்டப்படி சரி.

16-ஐ வைத்து அரிசோனா ஜேக்கப் சிக்ரனை எடுத்தது. பிற்பாடு அவரும் போனார். 2024-இல் அணியே ஊரைக் காலி செய்து யூட்டாவுக்குப் பெயர்ந்தது. டெட்ராய்டின் 20 பெரிதாகப் பலன் தரவில்லை. 53 தந்தது. அதில் வந்தவர் செக் நாட்டுத் தற்காப்பு ஆட்டக்காரர் ஃபிலிப் ஹ்ரோனெக். ஏழு வருடம் கழித்து, 2023 மார்ச்சில் அவரை வான்கூவருக்குக் கொடுத்தபோது ஒரு முதல் சுற்றுத் தேர்வும் ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வும் கிடைத்தன. அந்த முதல் சுற்றுத் தேர்வு 17-ஆவது எண்ணாக வந்து நின்றது. அதில் டெட்ராய்ட் சொன்ன பெயர் ஆக்செல் சாண்டின் பெலிக்கா, 18 வயது, ஸ்வீடன். 2005-இல் பிறந்தவர்; அப்போது டாட்சியூக் டெட்ராய்டுக்கு வந்து நான்கு வருடம் ஆகப்போகிறது.

டாட்சியூக் 2024-இல் டொரன்டோவிலுள்ள ஹாக்கி புகழ்க்கூடத்தில் சேர்க்கப்பட்டார். அடுத்த வருடம் அக்டோபரில் சாண்டின் பெலிக்கா டெட்ராய்டுக்காகத் தன் முதல் ஆட்டத்தை ஆடினார்.