இந்திய விண்வெளிச் சங்கம்

இந்திய விண்வெளிச் சங்கம் விண்வெளித் துறையில் இயங்கும் நிறுவனங்களின் கூட்டமைப்பு. சுருக்கமாக ‘இஸ்பா’ என்பார்கள். தலைமையிடம் புது தில்லி. 2021 அக்டோபர் 11 அன்று பிரதமர் நரேந்திர மோடி காணொளி வழியே இதைத் தொடங்கிவைத்தார். சங்கம் ராக்கெட் கட்டுவதில்லை, செயற்கைக்கோள் விடுவதில்லை. உறுப்பினர்களைக் கூட்டி உட்காரவைத்து, ஆளுக்கொரு திசையில் இழுக்கும் அவர்களது தேவைகளை ஒரு மனுவாக்கி அரசிடம் கொண்டுபோவது அதன் வேலை.

இஸ்ரோவுக்குப் பொருள் செய்துகொடுத்த நிறுவனங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1969இல் அரசின் விண்வெளி ஆய்வு நிறுவனமாக இஸ்ரோ உருவானபோது ராக்கெட் பாகம் செய்யத் தெரிந்த தொழிற்சாலை நாட்டில் அநேகமாக இல்லை. 1972 முதல் 1984 வரை தலைவராக இருந்த சதீஷ் தவான், எல்லாவற்றையும் இஸ்ரோவின் சுவருக்குள்ளேயே செய்துகொள்ளும் வழியை விட்டு, வெளித் தொழிலகங்களுக்குக் கற்றுக்கொடுத்து வேலை வாங்கும் வழியைத் தேர்ந்தார். அப்படித்தான் லார்சன் அண்ட் டூப்ரோவும் வால்சந்த்நகர் இண்டஸ்ட்ரீஸும் 1970களிலேயே ராக்கெட் வேலைக்குள் வந்தன. பின்னாளில் ஹைதராபாத்தின் எம்டிஏஆர், மும்பையின் கோத்ரெஜ் போன்றவை விகாஸ் என்னும் ராக்கெட் எஞ்சின் வரை செய்துதந்தன.

இந்த வேலை எப்படிப்பட்டது என்பதை ஒரு சிறு பட்டறையின் மேசையில் பார்க்கலாம். உள்ளங்கையில் அடங்கும் ஒரு வால்வு உடல். அது எந்த உலோகக் கம்பியிலிருந்து வெட்டப்பட்டதோ, அந்தக் கம்பியின் உருக்கு எண் முதல் தாளில் இருக்கும். கடைந்தவர் யார், அளந்தவர் யார், எந்தக் கருவியால் அளந்தார், அந்தக் கருவியைச் சரிபார்த்த தேதி என்ன என்று தாள்கள் சேர்ந்துகொண்டே போகும். கடைசியில் பாகத்தைவிடக் கோப்பு கனமாக இருக்கும். ஓரிடத்தில் அளவு சில மைக்ரான் விலகினால், பாகம் பையில் போட்டு ஒதுக்கிவைக்கப்பட்டு, மேலிருந்து முடிவு வரும்வரை காத்திருக்கும். அடுத்த ஆர்டர் எப்போது, எத்தனை உருப்படி என்பது மட்டும் அந்தக் கோப்பில் இருக்காது.

கற்றுக்கொடுத்தவரும் சோதித்தவரும் பணம் கொடுத்தவரும் ஒருவரேயாக இருந்தார்: இஸ்ரோ. ஒரே வாடிக்கையாளரிடம் யார்தான் குறை சொல்வார்கள்? டெண்டர் விதியில் சிக்கல் இருந்தாலும், வருடத்துக்குச் சில ராக்கெட்டுகளுக்காக மட்டும் இயந்திரம் வாங்குவது கட்டுப்படியாகாது என்றாலும், ஒவ்வொரு நிறுவனமும் தனியே போய்த் தயங்கித் தயங்கிச் சொல்லவேண்டியிருந்தது. ஐரோப்பாவில் யூரோஸ்பேஸ் என்னும் தொழில் அமைப்பு 1961லேயே தோன்றிவிட்டது. இந்தியாவில் நிலைமை மாற 2020 வரவேண்டியிருந்தது.

அந்த ஆண்டு மே மாதம் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் விண்வெளித் துறையில் தனியாருக்கு இடம் தரப்படும் என்று அறிவித்தார். ஜூனில் ‘இன்-ஸ்பேஸ்’ என்ற அனுமதி அமைப்புக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதுவரை உதிரிபாகம் கொடுத்துவந்தவர்கள் இனி சொந்த ராக்கெட்டும் சொந்தச் செயற்கைக்கோளும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் விதிகள் இனிமேல்தான் எழுதப்படவேண்டும். எழுதும்போது பக்கத்தில் யார் இருப்பது என்ற கேள்வியிலிருந்துதான் இந்தச் சங்கம் பிறந்தது.

லார்சன் அண்ட் டூப்ரோ, டாடா குழுமத்தின் நெல்கோ, பாரதி ஏர்டெல், ஒன்வெப், மேப்மைஇந்தியா, வால்சந்த்நகர், அனந்த் டெக்னாலஜீஸ் ஆகியவை தொடக்க உறுப்பினர்கள். முதல் தலைவர் லார்சன் அண்ட் டூப்ரோவின் ஜெயந்த் பாட்டீல். தலைமை இயக்குநராக ஓய்வுபெற்ற லெப்டினன்ட் ஜெனரல் ஏ.கே. பட் பொறுப்பேற்றார். இந்தப் பட்டியலைச் சற்று நிதானித்துப் படிக்கவேண்டும். இரும்பு கடைபவரும், வானிலிருந்து இணையம் விற்பவரும், வரைபடம் செய்பவரும் ஒரே மேசையில். பின்னர் ஸ்டார்ட்அப்களும் வந்து சேர்ந்தன. இவர்களுக்குள் ஒத்துப்போவதைவிட ஒத்துப்போகாதது அதிகம். சங்கத்தின் உழைப்பில் பெரும்பகுதி வெளியே தெரியாமல் இங்கேதான் செலவாகிறது.

காப்பீட்டை எடுத்துக்கொள்வோம். 1972ஆம் ஆண்டின் சர்வதேசப் பொறுப்பேற்பு உடன்படிக்கைப்படி, ஏவப்பட்ட பொருள் தரையில் விழுந்து சேதம் விளைவித்தால் ஏவிய நாடே ஈடு தரவேண்டும். அந்தச் சுமையில் ஒரு பங்கை நிறுவனத்தின் தோளுக்கு மாற்ற அரசு விரும்புவது இயல்பு. பல ஆயிரம் கிலோ ராக்கெட் வைத்திருப்பவருக்கும் சில கிலோ செயற்கைக்கோள் வைத்திருப்பவருக்கும் ஒரே காப்பீட்டுத் தொகை என்று வரைவு வந்தால், முதலாமவர் சமாளிப்பார். இரண்டாமவர் கடையை மூடுவார். வரைவை எல்லோருக்கும் அனுப்பி, பிரிவு வாரியாகக் கருத்து வாங்கி, முரண்பட்டவற்றைப் பேசித் தீர்த்துத் தேதிக்குள் கொடுப்பது அலுப்பூட்டும் வேலை. சிறிய உறுப்பினருக்குச் சட்டப் பிரிவு கிடையாது என்பதால், அவருக்குச் சங்கத்தின் உண்மையான பயன் இந்த அலுப்பூட்டும் வேலையில்தான் இருக்கிறது.

2021க்குப் பிறகு மாற்றங்கள் வேகமாக வந்தன. 2023 ஏப்ரலில் இந்திய விண்வெளிக் கொள்கை வெளியானது. அதே ஆண்டு ஜூலையில், அதுவரை இஸ்ரோவுக்கும் அதன் வணிக நிறுவனங்களுக்கும் மட்டும் இருந்த ஏவுதல் சேவைக்கான ஜிஎஸ்டி விலக்கு தனியாருக்கும் நீட்டிக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் நேரடி அந்நிய முதலீட்டு வரம்பு தளர்ந்தது: தானியங்கி வழியில் உதிரிபாகத்துக்கு 100 சதவீதம், செயற்கைக்கோளுக்கு 74, ஏவுகலத்துக்கு 49. அக்டோபரில் ஸ்டார்ட்அப்களுக்கென 1,000 கோடி ரூபாய் முதலீட்டு நிதிக்கு ஒப்புதல் கிடைத்தது. இவற்றை எல்லாம் சங்கத்தின் சாதனைக் கணக்கில் எழுதுவது நியாயமாகாது. அரசே செய்ய நினைத்தவை பல. ஆனால் செயற்கைக்கோள் அலைக்கற்றையை ஏலமின்றி ஒதுக்கவேண்டும் என்ற வாதத்தில் சங்கம் உறுதியாக நின்றது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் அந்த வழியையே ஏற்றது.

இதே காலத்தில் வானத்திலும் பலன் தெரிந்தது. 2022 நவம்பர் 18 அன்று ஹைதராபாத்தின் ஸ்கைரூட் ‘விக்ரம்-எஸ்’ ராக்கெட்டைச் செலுத்தியது. நாட்டின் முதல் தனியார் ராக்கெட் அது. சென்னை ஐஐடியில் முளைத்த அக்னிகுல் காஸ்மோஸ், ஸ்ரீஹரிகோட்டாவுக்குள் தனக்கென ஒரு ஏவுதளமே கட்டிக்கொண்டது. நான்கு முறை ஒத்திப்போன அதன் சோதனைப் பறப்பு 2024 மே 30 காலையில் நடந்தது. ஒரே துண்டாக முப்பரிமாண முறையில் அச்சிட்ட எஞ்சின், அந்த 6 மீட்டர் ராக்கெட்டைத் தூக்கிச் சென்றது.

தீராத குறை ஒன்று உண்டு. விண்வெளி நடவடிக்கைகள் சட்டத்துக்கு 2017இல் வரைவு வந்தது. அது இன்னும் சட்டமாகவில்லை. இன்-ஸ்பேஸ் தரும் அனுமதிக்கு அமைச்சரவை முடிவும் கொள்கையும்தான் பின்பலம். பத்து வருடத்துக்குப் பணம் போடும் முதலீட்டாளர் இதைத்தான் முதலில் கேட்கிறார். சங்கமும் இந்தச் சட்டத்தைத் தொடர்ந்து வலியுறுத்துகிறது.

அடுத்த களம் தெற்கே இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் நாட்டின் இரண்டாவது ஏவுதள வளாகத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட் இலங்கையைச் சுற்றி வளைந்து செல்லவேண்டும். அந்த வளைவில் எரிபொருள் வீணாகும், சிறிய ராக்கெட்டுக்கு அது பெரிய இழப்பு. குலசேகரன்பட்டினத்திலிருந்து நேரே தெற்கே, கடலின் மேல் போகலாம். தமிழ்நாடு அரசு 2025இல் வெளியிட்ட விண்வெளித் தொழில் கொள்கை மதுரை, தூத்துக்குடி, திருநெல்வேலி, விருதுநகர் மாவட்டங்களில் இத்தொழிலுக்கு இடம் வகுக்கிறது. அந்த ஊர்களின் லேத் பட்டறைகள் சில, வால்வு உடலுக்குக் கோப்பு எழுதும் பழக்கத்தை இனிமேல்தான் கற்கப்போகின்றன. அந்தப் பட்டறைக்காரர்களில் எத்தனை பேரைச் சங்கம் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளும், கூட்டத்தில் அவர்களுக்கு எந்த மொழியில் பேச இடம் தரும் என்பது இனி எழுதப்படவேண்டிய பகுதி.