சிரிக்காதே, சிரி!

'பொம்பள சிரிச்சா போச்சு, புகையில விரிச்சா போச்சு' என்ற பழமொழியைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பெண்கள் குறைவு. இந்தத் தடை நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. 2014 ஜூலையில் துருக்கியின் துணைப் பிரதமர் பியூலென்ட் அரிஞ்ச், ஒழுக்கம் பற்றிய பெருநாள் உரையொன்றில், பெண்கள் பலர் முன்னிலையில் உரக்கச் சிரிக்கக் கூடாது என்றார். துருக்கிப் பெண்கள் வாய்விட்டுச் சிரிக்கும் தங்கள் படங்களை ட்விட்டரில் பதிவிட்டுப் பதில் சொன்னார்கள்.

அமெரிக்காவில் பெண்களுக்கு இடப்பட்ட கட்டளை நேர்மாறானது: சிரித்த முகமாகவே இரு. பெண்ணியச் சிந்தனையாளர் ஷூலமித் ஃபயர்ஸ்டோன் 1970இல் வெளியான தன் நூலில் ஒரு கனவுப் போராட்டத்தை முன்வைத்தார். அதன் பெயர் புன்னகைப் புறக்கணிப்பு. பிறரை மகிழ்விக்கப் புன்னகைப்பதைப் பெண்கள் கைவிட வேண்டும். தமக்கு மகிழ்ச்சி உண்டாகும்போது மட்டுமே புன்னகைக்க வேண்டும்.

1983இல் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஸ்சைல்ட் இதை உழைப்பின் கணக்கில் சேர்த்தார். டெல்டா விமான நிறுவனத்தின் பணிப்பெண்களை ஆராய்ந்த அவர், தட்டு ஏந்துவதைப் போலவே புன்னகைப்பதும் அவர்களது வேலை என்று காட்டினார். அதற்கு 'உணர்ச்சி உழைப்பு' என்று பெயரிட்டார். அவர் பதிவு செய்த ஒரு நிகழ்வு: ஏன் சிரிக்கவில்லை என்று ஒரு பயணி கேட்கிறார். முதலில் நீங்கள் சிரியுங்கள் என்கிறார் பணிப்பெண். அவர் சிரித்ததும், அந்தச் சிரிப்பை அப்படியே பதினைந்து மணி நேரம் வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டு நடக்கிறார்.

ஓரிடத்தில் தடை, ஓரிடத்தில் கட்டாயம். இரண்டிலும் பெண்ணின் முகம் எப்படி இருக்கவேண்டும் என்பதை வேறு யாரோ தீர்மானிக்கிறார்கள். அவளுடைய மனநிலையை இருவருமே கேட்பதில்லை.

நம் ஊர் ஜவுளிக்கடைப் பெண்ணுக்கு இரண்டு கட்டளைகளும் உண்டு. சேலையை விரித்துக் காட்டும்போது வாடிக்கையாளரிடம் புன்னகைக்க வேண்டும். சக ஊழியரோடு சிரித்துப் பேசினால் கண்காணிப்பாளர் முறைப்பார். கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021இல்தான் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. நாள் முழுக்க நிற்கும் கால்களின் வலி சட்டத்தின் கண்ணில் படவே அத்தனை காலம் ஆயிற்று. நாள் முழுக்கப் புன்னகைத்த முகத்தின் களைப்பை நாம் இன்னும் வேலை என்றுகூடக் கணக்கிடவில்லை.