பெயரைப் பார்க்காத புரோகிராம்

மின்னஞ்சலில் அனுப்புநர், பெறுநர், தேதி எல்லாம் எப்படி எழுதப்பட வேண்டும் என்று 1982ல் ஒரு விதி வந்தது. புரோகிராம் அதைச் சுலபமாகப் பிரித்துப் படித்துவிடும். கீழே ஒரு வெற்று வரி. அதற்கப்புறம் நம் இஷ்டம்தான். "அம்மாவுக்கு ஐயாயிரம், மீதி தம்பிக்கு" என்றால் மனுஷனுக்குப் புரியும், புரோகிராம் முழிக்கும்.

வங்கிப் பணத்தை அப்படி முழிக்க விடலாமா? அதற்கான வேலை நடந்தது இங்கே ஹைதராபாத்தில்தான், மாசாப் டேங்கில். ரிசர்வ் வங்கி 1996ல் தொடங்கிய ஐ.டி.ஆர்.பி.டி. நிறுவனம், 2001 டிசம்பரில் எஸ்.எஃப்.எம்.எஸ். என்ற செய்தி முறையைக் கொண்டுவந்தது. தொகை, கணக்கு எண், கிளை என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டம். கிளையைக் குறிக்கும் ஐ.எஃப்.எஸ்.சி.யில் 11 எழுத்து: முதல் 4 வங்கி, அடுத்தது பூஜ்யம், கடைசி 6 கிளை. 2005 நவம்பரில் வந்த நெஃப்ட் இதன் மேல்தான் ஓடுகிறது.

பெயருக்கும் கட்டம் உண்டு. ஆனால் நம்ம ஊர்ப் பெயரை எதோடு ஒப்பிடுவது? பாஸ்புக்கில் இனிஷியல் முன்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னால், முருகேசனுக்கு இங்கிலீஷில் நாலு ஸ்பெல்லிங்! கணக்கு எண்ணை மட்டும் வைத்தே வரவு வைக்கலாம் என்று 2010ல் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. ஒரு இலக்கம் தப்பினால் அம்மாவுக்கு அனுப்பியது யாரோ ஒருவர் கணக்கில் போய் உட்காரும்.

பெறுபவர் பெயரை முன்கூட்டியே திரையில் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் தரச் சொல்லி வங்கிகளுக்கு உத்தரவு வந்தது. வருகிற பெயர் அம்மாவுடையதுதானா என்று பார்க்கிற வேலை மட்டும் இன்னும் நம்மிடம்.