லண்டன் கோட்டை ஆயுதசாலை எரிந்த இரவு

ஆயுதம் வைத்திருப்பவன் முதலில் அஞ்சுவது கள்வனுக்கு, அடுத்தபடியாகப் பகைவனுக்கு. அதனால்தான் எந்தத் தேசத்து ஆயுதசாலையை எடுத்துக்கொண்டாலும் கனத்த சுவரும், இரும்புக் கதவும், இரவு பகலாகப் பாரா நிற்கும் சிப்பாய்களும் அதற்குப் பிரதான லட்சணங்களாக அமைந்திருக்கின்றன. ஆனால் மிகுந்த காவலுடையது என்று பெயர் பெற்ற ஓர் ஆயுதசாலை, கள்வன் ஒருவனும் நுழையாமல், பகைவன் ஒருவனும் அணுகாமல், பக்கத்துக் கோபுரத்து அடுப்பொன்றின் புகைக்குழாய் அளவுக்கு மீறிச் சூடேறிய காரணத்தினால் ஒரே இரவில் நாசமாகிப் போயிற்று. 1841-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 30-ஆம் தேதி, சனிக்கிழமை இரவு, லண்டன் கோட்டையில் நிகழ்ந்த அந்தச் சம்பவம், துப்பாக்கிகளின் சரித்திரத்தில் சிரத்தையுள்ள எவரும் நின்று சிந்திக்கவேண்டிய ஒன்றாகும்.

தேம்ஸ் நதிக்கரையிலுள்ள அந்தக் கோட்டையின் நடுவே வெண்கோபுரம் நிற்கிறது. அதற்கு வடக்கே, இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் காலத்தில் 1688-இல் தொடங்கி, வில்லியமும் மேரியும் ஆண்ட காலத்தில் 1692-இல் முடிக்கப்பெற்ற பிரமாண்டமான பண்டகசாலை ஒன்று அக்காலத்தில் இருந்தது. 300 அடிக்கும் மேற்பட்ட நீளமுள்ள அக்கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பீரங்கிகளும், மேல்தளத்தில் கைத்துப்பாக்கிகளும் வாள்களும் ஈட்டிகளும் பல்லாயிரக்கணக்கில் வைக்கப்பட்டிருந்தன. வெறுமே அடுக்கி வைக்கப்பட்டிருந்தன என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. ஜான் ஹாரிஸ் என்னும் கைவினைஞர், அந்த ஆயுதங்களையே பூவும் நாருமாகக் கொண்டு மாலை தொடுப்பவரைப் போல, துப்பாக்கிக் குழல்களை நிறுத்தித் தேவாலயத்து வாத்தியமாகவும், பல தலை நாகமாகவும், பாம்புக் கூந்தலுடைய அரக்கியின் முகமாகவும் அமைத்து, அந்த மண்டபத்தையே ஓர் அலங்காரக் கூடமாக ஆக்கியிருந்தார். ஒன்றரை நூற்றாண்டுக் காலம் தேசாந்தரங்களிலிருந்து வந்தவர்களெல்லாம் அதைக் கண்டு வியந்து சென்றனர்.

அந்த அழகே அதற்கு எமனாயிற்று என்பது என் துணிபு. காண்பவர் கண்ணுக்கு ஒரே வீச்சில் தெரியவேண்டும் என்பதற்காக, ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை இடையில் குறுக்குச்சுவர் இல்லாமல், உலர்ந்த மரத்தளத்தின் மேல், எண்ணெய் பூசிய மரக்கட்டைகள் பொருந்திய துப்பாக்கிகளை வரிசை வரிசையாக நிறுத்தி வைத்த இடத்தில், நெருப்பு ஒரு முனையில் பற்றினால் மறுமுனைவரை அதைத் தடுத்து நிறுத்துவது எது?

பண்டகசாலைக்குப் பின்புறமாக, பழங்காலத்தில் வில் செய்வோர் வேலை செய்த கோபுரம் ஒன்று உண்டு. போயர் கோபுரம் என்று அதற்குப் பெயர். இரவு பத்து மணிக்குமேல் அங்கே புதிதாக ஒரு வெளிச்சம் தெரிவதைக் காவல் நின்ற சிப்பாய் கண்டான். கோட்டைக்கென்றே நீர் இறைக்கும் எஞ்சின்கள் இருந்தும், இறைப்பதற்குத் தண்ணீர் போதவில்லை; கோட்டையைச் சுற்றி அகழி இருந்தும் அன்று அதில் நீர்மட்டம் தாழ்ந்து கிடந்தது. ஜ்வாலை கோபுரத்திலிருந்து பண்டகசாலையின் கூரைக்குத் தாவியபின், மனித யத்தனத்தால் ஆகக்கூடியது அக்கட்டடத்தைப் பொறுத்தவரை ஒன்றுமில்லாமற் போயிற்று. ராஜாங்கத்தின் பழைய தஸ்தாவேஜுகள் நிறைந்திருந்த வெண்கோபுரத்தையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்பதே எஞ்சிய கவலையாக இருந்தது, அது காப்பாற்றப்பட்டது.

அதே வேளையில் சற்றுத் தூரத்தில், மார்ட்டின் கோபுரத்தில், வேறொரு சங்கடம் நேர்ந்தது. அரச கிரீடங்களும் செங்கோல்களும் அங்கே இரும்புக் கம்பிக் கூண்டுக்குள் வைக்கப்பட்டிருந்தன. அவற்றின் காப்பாளரான எட்மண்ட் ஸ்விஃப்ட் அங்கேயே இருந்தார். ஆனால் கூண்டின் சாவி அவரிடம் இல்லை. அது அரண்மனைப் பேரதிகாரியின் வசம் இருந்தது. அவரைத் தேடிக் கண்டுபிடித்து, அனுமதி பெற்று, சாவியைக் கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துபோகும் என்பதை உணர்ந்த பியர்ஸ் என்னும் போலீஸ் அதிகாரி, கடப்பாரையைக் கையில் எடுத்தார். கம்பியை நெம்பி வளைத்து, ஓர் ஆள் உடலை ஒடுக்கி நுழையுமளவுக்கு வழி செய்துகொண்டு, உள்ளே புகுந்து, ஒவ்வொரு பொருளாக எடுத்து வெளியே நின்றவர்களிடம் நீட்டினார். ஞானஸ்நானத்துக்குரிய பெரிய வெள்ளிப் பாத்திரம் அந்த இடைவெளியில் நுழையவில்லை. இன்னொரு கம்பியையும் உடைக்கவேண்டியதாயிற்று. வெளியே வந்துவிடும்படி கூவி அழைத்த குரல்களைப் பொருட்படுத்தாமல், கடைசிப் பொருள் கைமாறும்வரை அவர் கூண்டுக்குள்ளேயே நின்றார். பாரம்பரியமான அந்தச் செல்வங்கள் கோட்டைத் தலைவரின் இல்லத்துக்குப் பத்திரமாகக் கொண்டுசெல்லப்பட்டன.

திருடன் வராமலிருப்பதற்காகச் செய்த ஏற்பாடு, மீட்க வந்தவனையும் சேர்த்தே வெளியில் நிறுத்திவிட்டது. காப்பவன் ஓரிடத்தில், சாவி வேறோரிடத்தில் என்று பிரித்து வைத்த நியமம், சாதாரண நாட்களில் எவ்வளவு புத்திசாலித்தனமாகத் தோன்றினாலும், அந்த ஒரு நாழிகைக்கு அது பெரும் பிழையாக முடிந்திருக்கும். முடியாமற் போனது ஒரு மனிதரின் துணிச்சலால்தான். ஆயுதசாலைக்கோ அப்படிப்பட்ட துணிச்சலும் உதவக்கூடிய நிலையில் இல்லை.

விடிந்தபின் அங்கே கண்ட காட்சியைத் துப்பாக்கியின் உறுப்புகளை அறிந்தவர்கள் மனக்கண்ணால் காண முடியும். ஈயம் மிகக் குறைந்த சூட்டிலேயே உருகி ஓடிவிடும். பித்தளைப் பூண்கள் அதற்கு வெகுநேரம் கழித்து உருகும். இரும்புக் குழல் உருகாது, ஆனால் வளைந்து துவண்டுபோகும். எல்லாவற்றினும் கொடியது கண்ணுக்குத் தெரியாத சேதம். துப்பாக்கியின் பக்கத்தில், குதிரை என்று நாம் சொல்லும் உறுப்பை முன்னுக்குத் தள்ளுவது, உள்ளே இரண்டாக மடித்து வைத்த ஒரு சிறு உருக்குப் பட்டை. அந்த உருக்கைப் பழுக்கக் காய்ச்சி, தோய்ச்சல் கொடுத்து, மறுபடி இளஞ்சூட்டில் பதம் பார்த்து இறக்குவதில்தான் துப்பாக்கிக் கொல்லனின் கைத்திறமை அனைத்தும் இருக்கிறது. நெருப்பில் கிடந்த பட்டை, துடைத்து வைத்தால் பழைய உருவத்தோடு அப்படியே இருக்கும். ஆனால் விரலால் அழுத்திப் பார்த்தால் அழுத்திய இடத்திலேயே நின்றுவிடும், மீண்டு எழாது. கொல்லன் கொடுத்த பதத்தைத் தீ திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டது என்பதே அதன் பொருள். குழலின் கதியும் அவ்வாறே. பார்வைக்குப் பழுதில்லாதது போலிருந்தும், மருந்து கெட்டித்து வெடித்தால் தாங்குமா என்பதை எவரும் உறுதி சொல்ல முடியாது.

ஆகவே மீட்டவற்றுள் பெரும்பகுதி மறுபடி ஆயுதமாகப் பயன்படும் நிலையில் இல்லை. உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட துண்டுகள் ஜனங்களுக்கு நினைவுப்பொருளாக விற்கப்பட்டன. இந்த நஷ்டத்திலிருந்து விளைந்த ஒரு மாறுதலையும் இங்கே சொல்லியாகவேண்டும். சக்கிமுக்கிக் கல்லால் பொறி எழுப்பும் துப்பாக்கியை விட்டுக் கேப்புத் துப்பாக்கிக்கு மாறிக்கொண்டிருந்த அந்தத் தறுவாயில், கையிருப்பிலிருந்த பழைய உறுப்புகளை வீணாக்காமல் புதிய முறைக்குத் திருத்திச் செய்த மாதிரி ஒன்று 1839-இல் ஏற்பட்டிருந்தது. அந்த உறுப்புகளில் பெரும்பகுதி நெருப்புக்கு இரையாகிவிடவே, தொடக்கத்திலிருந்தே கேப்புத் துப்பாக்கியாகப் புதிதாகச் செய்யப்பட்ட 1842-ஆம் ஆண்டு மாதிரி படைக்கு வந்து சேர்ந்தது. சிக்கனம் கருதித் தாமதித்த ஒரு காரியத்தை அக்கினி அவசரப்படுத்திவிட்டது.

அந்தத் தீ நமக்கும் ஒரு பாடமாகும். நம்மில் எத்தனையோ குடும்பங்களில், பாட்டனார் காலத்து வேட்டைத் துப்பாக்கியொன்று, லைசென்ஸோடு, பரம்பரை அபிமானத்தோடு பீரோவிலோ பெட்டியிலோ இருக்கிறது. அத்தகையவர்களை நான் பணிவுடன் கேட்டுக்கொள்ளும் சில விஷயங்கள் உண்டு. அதை அடுப்பங்கரைச் சுவரை ஒட்டாத அறையில் வையுங்கள். தோட்டாக்களை ஒருபோதும் அதனோடு சேர்த்து வைக்கவேண்டாம். கெட்டித்த துப்பாக்கியை வீட்டில் வைக்கவே வேண்டாம், ஏனெனில் வெறுந்தரையில் கிடக்கும் தோட்டா சூடேறினால் அதன் உறை பிளந்து தெறிக்குமேயன்றிக் குண்டு வெகுதூரம் பாய்வதில்லை. குழலுக்குள் இருக்கும் தோட்டாவோ, விசையை இழுக்கும் கை இல்லாமலே, குறி பார்த்துச் சுட்டதுபோலப் பாயும். தீயணைக்க வருகிறவர்களிடம் வீட்டில் ஆயுதம் இருக்கிறது என்பதையும், அது எந்த அறையில் இருக்கிறது என்பதையும் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள். துப்பாக்கியின் எண்ணையும் அடையாளங்களையும் குறித்த காகிதத்தின் நகலொன்றை வேறொரு வீட்டில் வைத்திருங்கள். துரதிர்ஷ்டவசமாகத் தீ நேர்ந்துவிட்டால், புகைக்கரியும் அணைத்த நீரும் சேர்ந்து ஓர் இரவுக்குள் துருவை ஏற்றிவிடுமாதலால், ஈரம் போக உலர்த்தி மெல்லிய எண்ணெய் பூசி வைப்பது உடனே செய்யவேண்டிய காரியம். தேர்ந்த துப்பாக்கி மெக்கானிக் ஒருவர் பிரித்துப் பார்த்துச் சொல்லும்வரை அதைச் சுட்டுப் பார்க்க எவரையும் அனுமதிக்கவேண்டாம். சாவி இருக்கும் இடம் வீட்டில் பொறுப்பான இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

எரிந்துபோன பண்டகசாலை இருந்த இடத்தில், படைவீரர்கள் தங்குவதற்கான புதிய கட்டடத்துக்கு 1845-இல் வெல்லிங்டன் பிரபு அடிக்கல் நாட்டினார். வாட்டர்லூ என்று அதற்குப் பெயரிடப்பட்டது. அன்று கம்பியை வளைத்துக் காப்பாற்றிய கிரீடங்களும் செங்கோல்களும் இப்போது அந்தக் கட்டடத்தில்தான் வைக்கப்பட்டிருக்கின்றன.