கை திருந்திய பின்

எங்கள் அவலூர்பேட்டைக்கு வடக்கே உள்ள வேலூர், கோட்டைக்கும் மருத்துவமனைக்கும் பெயர் பெற்றது. அம்மருத்துவமனையின் பணியிலிருந்து ஒரு தொழிற்பயிற்சிக் கூடமும் தோன்றிய வரலாற்றை மாணவர்களாகிய நீங்கள் அறிதல் நன்று.

கொல்லிமலையில் 1914-ஆம் ஆண்டு பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தினார். ஆனால், விரல் நிமிர்ந்தவர்க்கு வேலை தருவார் இல்லை. ஊனத்திற்கு இரங்கி இட்ட பிச்சையும் குறைந்தது. கையைத் திருத்துவது பாதிப் பணியே என்று அவர் உணர்ந்தார்.

1950-களின் தொடக்கத்தில், கல்லூரி வளாகத்திலேயே மண்சுவர்க் குடிசைகளோடு புதுவாழ்வு நிலையம் எழுந்தது. இளமையில் தச்சு வேலை பயின்றிருந்த பிராண்ட், அங்கே மரப்பொம்மைகள் செய்யக் கற்பித்தார். உணர்ச்சியற்ற கை, சிராய் குத்துவதையும் அறியாது; பிடி அழுத்திக் கொப்புளம் எழுவதையும் அறியாது. ஆகவே நாள்தோறும் கைகளைச் சோதித்தார்; ஒவ்வொரு காயத்திற்கும் காரணம் தேடினார்; கருவிகளின் பிடியை மாற்றியமைத்தார். நோயே விரல்களை அரித்துவிடுகிறது என்ற பழைய எண்ணம் அப்பட்டறையில் தளர்ந்தது. வலி உணராமையால் நேரும் காயங்களே பெருங்காரணம் எனத் தெளிவாயிற்று.

கருவிக்கேற்ற மாணவனை அவர் தேடவில்லை. மாணவனுக்கேற்ற கருவியைத் தேடினார். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தொழுநோயிலிருந்து குணமடைந்தோரையும் தன்னுள் அடக்கி, தொழிற்பயிற்சித் திட்டங்கள் வகுப்பதை அரசின் கடமையாக்கியுள்ளது. சட்டம் கதவைத் திறக்கும்; உள்ளே கற்பிப்பவர் ஆசிரியரே. உங்களுள் நாளைய ஆசிரியர்களும் பொறியாளர்களும் இருக்கின்றீர்கள். பட்டறையில் ஒருவர் பின்தங்கக் கண்டால், அவரைக் குறைகூறுமுன் அவர் கையிலுள்ள கருவியை நோக்குங்கள்.