படம் பார்த்தாச்சு, எதைப் பேசினோம்?

தமிழ்நாட்டில் எல்லாச் சாதிக்காரரும் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்து பார்த்த முதல் இடம் சினிமாக் கொட்டகை என்று கார்த்திகேசு சிவத்தம்பி எழுதியிருக்கிறார். கோயிலில் சாதிப்படி இடம். கொட்டகையில் காசுப்படி இடம். தரை டிக்கெட்டுக்குச் சில்லறை இருந்தா நம்மாளும் உள்ளே போய் உட்காரலாம். பெரிய மாற்றம்தான், நான் மறுக்கவில்லை. ஆனா படம் விட்டு வெளியே வந்த பிறகு? ஊர்த்தெரு டீக்கடையில் பெஞ்சு அவங்களுக்கு, தனி டம்ளர் நமக்கு. படம் தேறுமா தேறாதா என்று தீர்ப்புச் சொன்னதெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவங்க. நம்ம சனங்க நின்னுக்கிட்டே டீயைக் குடிச்சிட்டு, பேச்சைக் காலனிக்குக் கொண்டுவந்து அங்கே பேசினாங்க. பார்க்க ஒரு கூரை கிடைத்தது, பேசக் கிடைக்கவில்லை.

இந்தக் கதைக்கு வயசு அதிகம். மலையாளத்தின் முதல் ஊமைப்படம் 'விகதகுமாரன்', ஜே.சி. டேனியல் எடுத்தது. நாயகி பி.கே. ரோஸி, புலையர் குலத்துப் பெண். திரையில் அவர் நாயர் பெண்ணாக வந்ததைத் திருவனந்தபுரத்து மேல்சாதிக் கூட்டத்தால் பொறுக்க முடியவில்லை. கலாட்டா பண்ணி அவரை ஊரைவிட்டே துரத்தினார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் வந்துசேர்ந்த அந்தப் பெண் அதன்பின் திரைக்குத் திரும்பவே இல்லை. கலாட்டா பண்ணியவர்களுக்கு அவர் நல்லா நடிச்சாரா என்பது ஒரு பொருட்டே இல்லை. யார் யாராக நடிப்பது என்பதுதான் அவர்கள் வழக்கு. ஒரு படத்தில் எதை வைத்துச் சண்டை போடுகிறார்கள் என்று பார்த்தால், எதைப் பார்க்க மறுக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். இதை மனசில் வைத்துக்கொண்டு இந்தக் காலத்துக்கு வருவோம்.

2020-இல் ஊரடங்கு வந்து கொட்டகைகளை மூடினார்கள். அமேசான் பிரைம், நெட்ஃபிளிக்ஸ், ஹாட்ஸ்டார் என்று படம் செல்போனுக்கே வந்தது. எங்க காலனியில் ஒரு வீட்டில் சந்தா கட்டினா பாஸ்வேர்டு பத்து வீட்டுக்குப் போகும். "சித்தப்பா, இதப் பாத்தியா?" "அந்தப் படம் வேணாம் அத்தை, நம்மளக் கேவலப்படுத்தியிருக்கான், இதப் பாரு" என்று சிபாரிசுகள் வீடு வீடாகப் போயின. ஊரும் காலனியும் ஒரே ராத்திரியில் ஒரே படத்தைப் பார்த்தன. விவாதமும் செல்போனிலேயே நடந்தது. அங்கே தனி டம்ளர் இல்லை. சரி, என்ன விவாதித்தார்கள்?

2021 ஏப்ரலில் மாரி செல்வராஜின் 'கர்ணன்' கொட்டகைக்கு வந்து, மே மாதம் பிரைமில் ஏறியது. படத்தில் ஊர் பொடியன்குளம். நிஜத்தில் கொடியன்குளம். 1995 ஆகஸ்ட் 31 அன்று நூற்றுக்கணக்கான போலீஸ் அந்த ஊருக்குள் புகுந்து, வெளிநாட்டில் உழைத்து நம்ம சனங்க சேர்த்த பண்டபாத்திரம், டி.வி., பிள்ளைகளின் சர்டிபிகேட் வரைக்கும் நாசம் பண்ணியது. குடிதண்ணிக் கிணத்தையும் பாழாக்கியது. படம் 1997 என்று வருஷம் போட்டதும் சண்டை கிளம்பியது: அப்போது ஆட்சியில் இருந்தது எந்தக் கட்சி? கடைசியில் வருஷத்தை எடுத்துவிட்டு, தொண்ணூறுகளின் பிற்பகுதி என்று மாற்றினார்கள். எந்த ஆட்சி என்று கேட்கத்தான் வேணும். ஆனா அந்த ஊர்ச் சனத்துக்கு என்ன நஷ்டம், யாருக்குத் தண்டனை என்று அந்தச் சண்டையில் கேட்டவர்கள் குறைவு.

அதே வருஷம் நவம்பர் 2 அன்று 'ஜெய் பீம்' கொட்டகைக்கே போகாமல் நேராகப் பிரைமில் வந்தது. 1993-இல் தென்னாற்காடு மாவட்டம் கம்மாபுரம் காவல் நிலையத்தில் நடந்த கொலை. கணவனைத் தேடிய ஒரு பெண்ணுக்காக வழக்கறிஞர் சந்துரு உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டு நடத்திய வழக்கு. ஐஎம்டிபி தளத்தில் இந்தப் படம் 9.6 மதிப்பெண் வாங்கி, பல வருஷமாக முதலிடத்தில் இருந்த ஹாலிவுட் படத்தையே முந்தியது. ஆனா சண்டை எதில் நடந்தது? வடக்கே, இந்தி பேசினவனைப் போலீஸ் அதிகாரி அறைந்த ஒரு அறையில். இங்கே, சுவரில் தொங்கிய ஒரு காலண்டரில். காலண்டரை மாற்றிய பிறகும் வன்னியர் சங்கம் 5 கோடி ரூபாய் நஷ்டஈடு கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. படம் முழுக்க லாக்கப்பில் விழுந்த அடிக்கு இல்லாத கோபம், ஒரு அறைக்கு வந்தது.

நமக்குள்ளேயும் ஒரு விவாதம் நடந்தது. அதையும் சொல்லணும். செத்தவர் குறவர் சமூகம். படம் அவரை இருளராகக் காட்டியது. "எங்க சாவைக்கூட எங்க பேர்ல சொல்லக் கூடாதா?" என்று குறவர் மக்கள் தரப்பில் கேட்டார்கள். இருளர் பட்ட பாடும் பொய்யில்லை என்று சிலர் பதில் சொன்னார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கு. ஆனா என்னைக் கேட்டா, முதல் கேள்விதான் கனமானது. பேரை மாற்றினால் சாட்சியமும் கை மாறிவிடுகிறது. காலண்டருக்காக எழுந்த கூச்சலில் இந்தக் கேள்வி யார் காதிலும் விழாமல் போனதுதான் எனக்கு வருத்தம்.

2023-இல் 'மாமன்னன்'. வடிவேலு ஒரு தலித் சட்டமன்ற உறுப்பினர். எத்தனை வருஷப் பதவியானாலும் ஆதிக்கசாதித் தலைவன் முன்னால் உட்காரவிடாத கதை. ஜூலை 27-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்ததும் அந்தத் தலைவனாக நடித்த ஃபகத் ஃபாசிலின் காட்சிகளை மட்டும் வெட்டியெடுத்து, அவங்கவங்க சாதிப் பெருமைப் பாட்டை ஒட்டிப் பரப்பினார்கள். கொட்டகையில் படத்தை அப்படியே பார்த்தாகணும். செல்போனில் வேணுங்கிற துண்டை வெட்டிக்கலாம். வில்லனை நாயகனாக்க இப்போது கத்திரி ஒன்று போதும்.

நல்லதும் நடந்திருக்கு. 2021 ஜூலையில் 'சார்பட்டா பரம்பரை' பிரைமில் வந்தபோது, வடசென்னையின் பழைய குத்துச்சண்டைக்காரர்களைத் தேடிப் பத்திரிகைக்காரர்கள் போனார்கள். யாரும் எழுதிவைக்காத பரம்பரைப் பெயர்களும் போட்டிகளும் பேச்சில் வெளியே வந்தன. ஒரு சிபாரிசு வரலாற்றைக் கிளறிவிட முடியும் என்பதற்கு இது சாட்சி.

அலமாரியில் இல்லாத படங்களையும் கணக்கில் வையுங்க. மலக்குழிச் சாவுகளைப் பற்றித் திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தை 2017-இல் பல இடங்களில் திரையிட விடவில்லை. அவர் யூடியூபில் போட்டார், சனம் பார்த்தது. ஒரு தலித் சிறுமியின் கொலையை விசாரிக்கும் பெண் போலீஸின் கதை, சந்தியா சூரியின் 'சந்தோஷ்'. கொட்டகைக்குத் தணிக்கை விடவில்லை. ஓ.டி.டி.க்குத் தணிக்கைச் சான்று கட்டாயமில்லை, இருந்தும் 2025 அக்டோபரில் வரவேண்டியதை நிறுத்திவிட்டார்கள். செல்போன் நீட்டுகிற பட்டியலை மட்டும் நம்பினால் இந்தப் பெயர்கள் நம் கண்ணில் படவே படாது.

அதனால்தான் சொல்கிறேன், சிபாரிசு செய்வதைச் சின்ன வேலையாக நினைக்காதீங்க. 'கர்ணன்' பார்க்கச் சொன்னா கொடியன்குளத்தையும் 31.8.1995-ஐயும் சேர்த்துச் சொல்லுங்க. 'ஜெய் பீம்' சொன்னா கம்மாபுரத்தையும் குறவர் என்ற பேரையும் விடாமல் சொல்லுங்க. காலண்டரைப் பற்றி யாராவது ஆரம்பிச்சா, லாக்கப்பைப் பற்றிக் கேளுங்க. அந்த ராத்திரி உங்க வீட்டில் என்ன பேசினீங்க, பாட்டி எந்த இடத்தில் எழுந்து போனாங்க, எந்த ஊர்க் கதையை நினைவுக்குக் கொண்டுவந்தாங்க என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்க. ரோஸி துரத்தப்பட்ட அன்றைக்கு அப்படி எழுதி வைக்க நம்ம பக்கத்தில் ஒருத்தரும் இல்லை. இப்போ நாம இருக்கோம்.