முன் வரிசைக்கு விலை வந்த கதை

எழும்பூரில் ஒரு டிராவல் ஏஜென்சியில் டிக்கெட் எழுதிப் பிழைத்தவன் நான். எழுதுவது என்றால் கையால்தான். கட்டணப் புத்தகத்தைப் பிரித்து, மைல் கூட்டி, சிவப்புக் கார்பன் பூசிய தாள்களில் பேனாவை அழுத்தி எழுத வேண்டும். அடித்தல் திருத்தல் விழுந்தால் அந்த டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு வேறு எடுக்க வேண்டியதுதான். அந்தத் தாளில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. எஃப், ஜே, ஒய் என்று அதில் ஓர் எழுத்து விழும். எஃப் முதல் வகுப்பு, ஜே பிசினஸ், ஒய் எகானமி. பயணி அதைப் பார்த்திருக்கவே மாட்டார். ஆனால் அவர் காலை நீட்டுவாரா மடக்குவாரா என்பதை முடிவு செய்வது அந்த எழுத்துதான்.

வகுப்பு என்பதை விமானக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் பெரியப்பா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போனவர். மேலே கேபின்காரர்கள், இவர் டெக் பாசஞ்சர். பாயும் தகர டிரங்குப் பெட்டியும்தான் அவருடைய வகுப்பு. ரயிலில் மூன்றாம் வகுப்பு 1974-இல்தான் எடுக்கப்பட்டது. அதுவும் பலகையில் பெயரை மாற்றியதோடு சரி.

விமானத்தில் மட்டும் தொடக்கத்தில் வகுப்பே கிடையாது. ஏறியவர் எல்லாரும் பணக்காரர். வகுத்து என்ன செய்ய? 1939-இல் பான் அமெரிக்கன் நிறுவனம் பறக்கவிட்ட போயிங் 314 என்ற கடல் விமானத்தில் சாப்பாட்டுக் கூடமும் படுக்கைகளும் இருந்தன. வால் பக்கத்தில் புதுமணத் தம்பதிக்கென்று ஓர் அறையே இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த ஸ்ட்ராட்டோகுரூசர் விமானத்தில் சுழல் படிக்கட்டில் கீழே இறங்கினால் மதுக்கூடம். இன்றைய கணக்கில் அத்தனையும் முதல் வகுப்பு. எல்லாரும் அதிலேயே போனதால் அதற்கு அந்தப் பெயர் மட்டும் தேவைப்படவில்லை.

மலிவான இருக்கை வராததற்குக் காரணம் இயந்திரம் அல்ல, ஒப்பந்தம். 1945-இல் ஹவானாவில் தொடங்கிய ஐயாட்டா என்ற சங்கத்தில் விமான நிறுவனங்கள் கூடி உட்கார்ந்து, எந்த ஊருக்கு எவ்வளவு என்று ஒரே விலை வைத்தன. தனியாக ஒருவர் குறைக்க முடியாது. பான் அமெரிக்கனின் தலைவர் ஹுவான் டிரிப் இதை எப்படிச் சுற்றி வந்தார் என்பது எனக்குப் பிடித்த கதை. நியூயார்க்கிலிருந்து போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானுக்குப் போகும் பாதை அமெரிக்க மண்ணுக்குள்ளேயே அடங்கியது. சங்கத்தின் கை அங்கே எட்டாது. 1948-இல் அந்தப் பாதையில் 75 டாலருக்கு 'டூரிஸ்ட்' டிக்கெட் விற்றார். வேலை தேடி நியூயார்க் போன போர்ட்டோ ரிக்கோ மக்கள்தான் அதில் ஏறினார்கள். விமானத்தின் முதல் 'கீழ் வகுப்பு' உல்லாசப் பயணிக்காக வரவில்லை, கூலிக்குப் போனவருக்காக வந்தது.

அட்லாண்டிக் கடலைத் தாண்டும் பாதையில் சங்கம் இறங்கி வர 1952 மே 1 ஆயிற்று. நியூயார்க்–லண்டன் போக வர 486 டாலர். வரிசைக்கு 4 பேர் உட்கார்ந்த இடத்தில் 5 பேர். 1958 ஏப்ரலில் அதற்கும் கீழே இன்னொரு படி வைத்தார்கள். அதுதான் எகானமி. மலிவாக விற்கலாம், ஆனால் மேல் வகுப்புக்காரர் கீழே வந்துவிடக் கூடாது என்பது கவலை. அதனால் விதி எழுதினார்கள்: இருக்கைக்கும் இருக்கைக்கும் 34 அங்குலம், சாப்பாடு கிடையாது, சாண்ட்விச் மட்டும். ஸ்காண்டிநேவியாவின் எஸ்.ஏ.எஸ். நிறுவனமோ தங்கள் ஊர் வழக்கப்படி ஒரே ஒரு ரொட்டித் துண்டின் மேல் இறைச்சியும் இன்னபிறவும் அடுக்கி, இதுவும் சாண்ட்விச்தான் என்று பரிமாறியது. பான் அமெரிக்கன் புகார் கொடுத்தது. சங்கம் விசாரித்து 20,000 டாலர் அபராதம் போட்டது. வளர்ந்த மனிதர்கள் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்து, ரொட்டி மேல் எவ்வளவு வைக்கலாம் என்று வாதாடியிருக்கிறார்கள்!

இதைச் சிரித்துவிட்டுப் போக முடியாது. ஜூல் டுபுயி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1849-இலேயே ரயிலைப் பார்த்து இதே தந்திரத்தைக் கண்டுகொண்டார். மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை போடாதது செலவை மிச்சப்படுத்த அல்ல. இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்கக்கூடியவர் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடாமல் பயமுறுத்தத்தான் என்றார். இன்றைக்குப் பல எகானமி இருக்கைகளின் இடைவெளி 30, 31 அங்குலம். மலிவு நிறுவனங்களில் அதற்கும் கீழே. தண்டனையாக வைத்த 34 அங்குலம் இப்போது கூடுதல் காசுக்கு விற்கும் சரக்கு.

பிசினஸ் வகுப்பு பிறந்தது ஒரு மனத்தாங்கலில். 1970-இல் போயிங் 747 வந்தது. நம் ஏர் இந்தியாவின் 'எம்பெரர் அசோகா' 1971-இல். ஜன்னல்களைச் சுற்றி ஜரோகா வளைவு வரைந்து, மேல் மாடியில் மகாராஜா லவுஞ்ச் வைத்த அழகு அது. அழகு இருக்கட்டும், அத்தனை இருக்கைகளை யார் நிரப்புவது? 1973-இல் எண்ணெய் விலையும் ஏறியது. முன்கூட்டியே வாங்கினால் பாதி விலை என்று சலுகைக் கட்டணங்கள் வந்தன. அலுவலக வேலையாக முழுக் கட்டணம் கொடுத்துப் போகிறவர் நடு இருக்கையில் நசுங்க, பக்கத்தில் பாதிக் காசில் சுற்றுலாக்காரர் காலை ஆட்டிக்கொண்டிருந்தார். கேள்வி கேட்காமல் இருப்பாரா? கே.எல்.எம். 1976-இல் முழுக் கட்டணக்காரர்களை முன்பக்கம் தனியே உட்கார வைத்தது. பான் அமெரிக்கன் 1978-இல் 'கிளிப்பர் கிளாஸ்' என்றது. குவாண்டாஸ் 1979-இல் தனி வகுப்பாகவே வைத்து, முதலில் செய்தது நாங்கள்தான் என்கிறது. தொடக்கத்தில் இருக்கை பெரிதாக மாறவில்லை. பக்கத்தில் மலிவு டிக்கெட்காரர் இல்லை என்பதுதான் சலுகை.

1978-இல் அமெரிக்கா விமானக் கட்டணக் கட்டுப்பாட்டை நீக்கியது. அதன்பின் ஒரே கேபினுக்குள் பி, எம், கே, எல், க்யூ என்று எழுத்துகள் பெருகின. என் மேசையில் ஒய் ஒன்றே இருந்த இடத்தில் அரை டஜன் எழுத்துகள். ஒரே இருக்கை, ஒரே சாப்பாடு, விலை மட்டும் வேறு.

வாங்கிய வகுப்பிலிருந்து மேல் வகுப்புக்கு மாற்றும் அப்கிரேடு அந்தக் காலத்தில் விற்பனைச் சரக்கே அல்ல. டிக்கெட் வாங்கியவர்களில் சிலர் வர மாட்டார்கள் என்று நிறுவனங்கள் இருக்கைக்கு மேல் விற்கும். எல்லாரும் வந்துவிட்டால்? 1972-இல் நுகர்வோர் உரிமைப் போராளி ரால்ஃப் நாடரை அலெகெனி ஏர்லைன்ஸ் ஏற்றாமல் விட்டு, வழக்கு 1976-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1978-இல் அங்கே விதி வந்தது: முதலில் விட்டுக்கொடுக்க விரும்புகிறவர்களைக் கேள், ஈடு கொடு. ஈடு கொடுப்பதைவிட மலிவான வழி, முன்னால் காலியாக இருக்கும் இருக்கைக்குச் சிலரைத் தூக்கிப் போடுவது. எங்களிடம் வந்து, "சார், ஹனிமூன் ஜோடி, கொஞ்சம் மேல் கிளாஸ்ல போடச் சொல்லுங்களேன்" என்பார்கள். சொல்லிப் பார்ப்போம். நல்ல சட்டை போட்டுக்கொண்டு போகச் சொல்வோம். அதுவும் வேலை செய்தது.

1981 மே 1-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் மைல் கணக்குத் திட்டத்தைத் தொடங்கியது. அதுவரை தற்செயலாகக் கிடைத்த முன் இருக்கை, அடிக்கடி பறக்கிறவருக்கான பரிசானது. பரிசாகக் கொடுத்ததற்கு ஆசைப்படுகிறவர்கள் இத்தனை பேர் என்று தெரிந்தபின் யார் சும்மா கொடுப்பார்கள்? இப்போது ஏலம் கேட்கச் சொல்லி மின்னஞ்சல் வருகிறது, செயலியில் விலை மின்னுகிறது, கவுன்டரில் இன்னொரு விலை. நடுவில் 1990-களில் பிரீமியம் எகானமி என்று ஒரு படி. 2000-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் பிசினஸ் வகுப்பிலேயே தட்டையான படுக்கை போட்டது. பிறகு பல நிறுவனங்களில் முதல் வகுப்பே மறைந்தது. ஒரே வகுப்பு என்று 2006-இல் தொடங்கிய இண்டிகோகூட 2024 நவம்பரில் டெல்லி–மும்பை பாதையில் முன் வரிசைகளைத் தனியாக்கிவிட்டது. ஆச்சரியம் தருவது, நம் ரயில்வே 2006-இல் கொண்டுவந்த தானியங்கி அப்கிரேடு. காலிப் படுக்கை இருந்தால் மேல் வகுப்புக்கு ஏற்றுகிறது. கூடுதல் காசு கேட்பதில்லை.

விமானத்தில் அப்கிரேடுக்குக் காசு கட்டும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். முதலில் உங்கள் டிக்கெட்டின் எழுத்து: அடிமட்ட விலை எழுத்துகளுக்குப் பல நிறுவனங்களில் மைல் கொடுத்தும் மேலே போக முடியாது. அடுத்தது விமானத்தின் வகை. பிசினஸ் என்ற ஒரே பெயரில் பெரிய விமானத்தில் படுக்கை விற்கிறார்கள், சின்ன விமானத்தில் கொஞ்சம் அகலமான நாற்காலி விற்கிறார்கள். பகலில் சிங்கப்பூர் போகும் நாலு மணி நேரத்துக்கு நான் கட்ட மாட்டேன். இரவு முழுக்கப் பறக்க வேண்டும், படுக்கை உள்ள விமானம், கேட்கும் தொகையும் கையைக் கடிக்கவில்லை என்றால் கட்டுங்கள். கதவு சாத்திவிட்டால் அந்தக் காலி இருக்கையால் அவர்களுக்கு ஒரு பைசா வருமானம் இல்லை. அது தெரிந்துகொண்டு விலை கேளுங்கள்.